பெயர் பல, மருந்து ஒன்றா?

ஊத்தங்கரைப் பேருந்து நிலையத்தை அடுத்துள்ள மருந்துக் கடைகளில் நாள் தவறாமல் நிகழும் உரையாடல் ஒன்று உண்டு. சிங்காரப்பேட்டையிலிருந்தோ, கல்லாவியிலிருந்தோ, சாமல்பட்டியிலிருந்தோ இருமலும் காய்ச்சலுமாய்த் துவளும் குழந்தையைத் தோளில் சுமந்து வந்த தகப்பனார், மருத்துவர் எழுதிய சீட்டை நீட்டுகிறார். கடைக்காரர் அலமாரியைத் துழாவிவிட்டு, "இந்தக் கம்பெனி சரக்கு தீர்ந்துபோச்சுங்கண்ணா. அதே மருந்துதான், வேற கம்பெனி இருக்கு. போட்டுடட்டுங்களா?" என்கிறார். விலை பாதிதான் என்றும் சேர்த்துச் சொல்கிறார். தகப்பனார் தயங்குகிறார். விலை குறைவு என்பது மனத்துக்கு இதமாகவும் இருக்கிறது, அச்சமாகவும் இருக்கிறது. அதே மருந்து என்றால் அதே வேலையைச் செய்யுமா?

பெங்களூரில் கட்டட வேலைக்கும் ஓசூரில் ஆலை வேலைக்கும் சென்று திரும்பும் குடும்பங்களுக்கு இந்த ஐயம் இன்னும் அடிக்கடி எழும். அங்குள்ள மருத்துவர் எழுதிய பெயர் இங்குள்ள கடையில் இருப்பதில்லை. கேள்வி சிறியதன்று. குழந்தையின் நுரையீரலில் சளிக்காய்ச்சல் பற்றியிருக்கும்பொழுது மருந்து வலுவிழந்ததாய் இருந்தால் போவது உயிர். மாறாக, இரண்டும் ஒன்றே என்றால், வீணாகப் போவது இரண்டு நாள் கூலி. ஆகவே இதனைச் சற்று நிதானமாக ஆராய்ந்து பார்ப்போம்.

சீட்டில் பெரும்பாலும் எழுதப்படும் அமாக்சிசிலின் என்னும் கிருமிக்கொல்லியையே எடுத்துக்கொள்வோம். பெனிசிலின் குலத்தைச் சேர்ந்த இம்மருந்தை இங்கிலாந்தின் பீச்சம் நிறுவனம் 1972ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொணர்ந்தது. அதே 1972ஆம் ஆண்டு ஏப்ரலில்தான் நம் நாட்டில் 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மருந்தைச் செய்யும் முறைக்கு மட்டுமே காப்புரிமை உண்டு, மருந்துப் பொருளுக்கு இல்லை என்றது அச்சட்டம். வேறு வழியில் அதே பொருளைச் செய்ய வல்லவர் யாராயினும் செய்யலாம் என்ற நிலை உண்டாயிற்று. விளைவு யாதெனில், ஒரே அமாக்சிசிலின் நோவாமாக்ஸ் என்றும் மாக்ஸ் என்றும் இன்னும் எண்ணற்ற பெயர்களிலும் உலவலாயிற்று. ஜெர்மனியின் பேயர் நிறுவனம் கண்டறிந்த சிப்ரோஃப்ளாக்சசினும் இவ்வாறே சிஃப்ரான், சிப்ளாக்ஸ் எனப் பல பெயர் பெற்றது. 2005ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டுப் பொருளுக்கும் காப்புரிமை வந்தது; எனினும் பழைய மருந்துகளை அது தொடவில்லை.

பெயர்கள் இத்தனையாயினும் மூலச்சரக்கு அத்தனை வகையன்று. இந்தியாவில் செய்யப்படும் அமாக்சிசிலினுக்கு வேண்டிய அடிப்படைப் பொருளில் பெரும்பகுதி பல்லாண்டுகளாகச் சீனாவிலிருந்தே வந்துகொண்டிருந்தது. புனேயை அடுத்த பிம்ப்ரியில் 1954ஆம் ஆண்டு அரசு நிறுவிய இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் ஆலையும், பின்னாளில் நம் கடலூரில் ஸ்பிக் நிறுவனம் நடத்திய ஆலையும் பெனிசிலின் செய்த காலம் ஒன்று இருந்தது. சீனச் சரக்கின் விலைக்கு ஈடுகொடுக்க இயலாமல் நாட்டில் பெனிசிலின் உற்பத்தி நின்றே போயிற்று. 2024ஆம் ஆண்டில்தான் ஆந்திரத்தின் காக்கிநாடாவில் அது மீண்டும் தொடங்கப்பட்டது. அட்டையில் எந்தப் பெயர் மின்னினாலும், உள்ளே இருக்கும் தூள் ஒரே துறைமுகத்தில் இறங்கியதாக இருக்கக்கூடும்.

அப்படியானால் இரு நிறுவனங்களின் மருந்தை ஒப்பிட்டுப் பார்ப்பது எவ்வாறு? கல்லூரி ஆய்வகங்களில் மாணவர்கள் விரும்பிச் செய்யும் சோதனை ஒன்று உண்டு. கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் என்னும் கூழைக் கண்ணாடித் தட்டில் ஊற்றி உறையவைத்து, அதன்மேல் கிருமிகளைச் சீராகப் பரப்புவர். கூழில் சிறு குழிகள் இட்டு, ஒவ்வொரு குழியிலும் ஒவ்வொரு நிறுவனத்தின் மருந்தைச் சம அளவில் கரைத்து ஊற்றுவர். ஓர் இரவு வெதுவெதுப்பான பெட்டியில் வைத்தெடுத்தால், தட்டெங்கும் கிருமிகள் வெண்படலமாய் வளர்ந்திருக்கும்; மருந்துக் குழிகளைச் சுற்றி மட்டும் தெளிந்த வட்டம் தோன்றும். மருந்து பரவிய எல்லைக்குள் கிருமி வளரவில்லை என்பது அதன் பொருள். அவ்வட்டத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் அளப்பர்.

இந்த வட்டத்துக்கு நெடிய வரலாறு உண்டு. 1928ஆம் ஆண்டு இலண்டனில் அலெக்சாந்தர் ஃபிளெமிங், பூஞ்சணம் விழுந்து கெட்டுப்போன தட்டொன்றில் கண்டதும் இத்தகைய தெளிந்த இடத்தைத்தான். பின்னர் ஆக்ஸ்ஃபோர்டில் ஃபிளோரி, செயின் ஆகியோரின் குழுவில் பணியாற்றிய நார்மன் ஹீட்லி, தட்டின்மேல் சிறு குழாய்த்துண்டுகளை நிறுத்தி அவற்றில் மருந்தை ஊற்றி, வட்டத்தின் அளவைக் கொண்டே பெனிசிலினின் வலுவைக் கணக்கிடும் முறையை வகுத்தார். நோபல் பரிசு ஃபிளெமிங், ஃபிளோரி, செயின் மூவருக்கும் 1945ஆம் ஆண்டில் கிடைத்தது, ஹீட்லிக்குக் கிடைக்கவில்லை. அவருடைய அளவுகோல் இல்லாமல் அவர்களுடைய மருந்து உருவாகியிருக்க முடியாது என்பதே என் கருத்து.

ஆனால் கண்ணுக்கு இனிதாகத் தோன்றும் இச்சோதனையை நம்பி, "இந்தக் கம்பெனிக்கு 24 மில்லிமீட்டர், அந்தக் கம்பெனிக்கு 23 மில்லிமீட்டர், ஆகவே முன்னது சிறந்தது" என்று தீர்ப்பு வழங்குவது தவறு. மருந்தின் அளவு இருமடங்கானால் வட்டம் இருமடங்காவதில்லை. சில மில்லிமீட்டர் மட்டுமே பெருகும். ஆகவே மருந்தில் பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தால் வட்டத்தில் தோன்றும் வேறுபாடு ஏறத்தாழ அரை மில்லிமீட்டரே ஆகும். கூழின் கனம் ஓரிடத்தில் சற்று மிகுந்தாலே அந்த அரை மில்லிமீட்டர் மறைந்துபோகும். ஒரு தட்டை வைத்துச் சொல்லும் முடிவு எதையும் மெய்ப்பிப்பதில்லை. அதனால்தான் மருந்து நூல்கள் வகுத்த முறையில், வலு அறியப்பட்ட தரமான மருந்தையும் அதே தட்டில் பக்கத்தில் வைத்து, பல தட்டுகளில் திரும்பத் திரும்பச் செய்து, கணக்கியல் முறையில் ஒப்பிடுகின்றனர். மேலும் அமாக்சிசிலின் போன்றவற்றுக்கு இன்று ஹெச்.பி.எல்.சி. என்னும் கருவியே முதன்மையானது; மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் மருந்து உள்ளது என்பதை அது துல்லியமாகச் சொல்லிவிடும். மருந்தளவில் பெரிய குறைவு இருந்தால் தட்டு காட்டிக்கொடுக்கும்; நுண்ணிய வேறுபாட்டுக்கு அது சாட்சியாகாது.

இன்னொன்றும் உண்டு. தட்டிலுள்ள கிருமிக்கு மருந்தைக் கரைத்து நாம் ஊட்டிவிடுகிறோம். நோயாளியின் உடலிலோ மாத்திரை தானே உடைய வேண்டும், கரைய வேண்டும், குடலின் சுவரைக் கடந்து குருதியில் சேர வேண்டும். மருந்து முழு அளவில் இருந்தும், மாத்திரை செங்கல்போல் இறுகிக் கரையாமலே போனால் பயன் என்ன? இதற்கெனக் கரைதிறன் சோதனை தனியே உள்ளது. அதற்கும் மேலாக, நலமுள்ள மனிதர்களுக்கு இரு நிறுவனங்களின் மருந்தையும் கொடுத்து, குருதியில் ஏறும் அளவை மணிக்கு மணி அளந்து ஒப்பிடும் ஆய்வும் உண்டு. எளிதில் கரையாத வகையைச் சேர்ந்த மருந்துகளுக்கு இவ்வாய்வின்றி உற்பத்தி உரிமம் கிடையாது என்று 2017ஆம் ஆண்டு ஏப்ரலில் இந்திய அரசு விதி செய்தது. இவ்வாய்வில் ஏற்கப்படும் எல்லை 80 முதல் 125 விழுக்காடு என்பதைக் கேட்டு, "மலிவு மருந்தில் இருபது விழுக்காடு குறைத்துப் போடலாமாம்" என்று சிலர் கதை கட்டுகின்றனர். அது மாத்திரையில் இடப்படும் மருந்தின் அளவன்று. ஆய்வின் சராசரி மட்டுமின்றி அதன் ஐயப்பாட்டு எல்லை முழுவதும் அந்த வரம்புக்குள் அடங்க வேண்டும் என்பதே விதி. உண்மையில் சராசரி நூற்றை ஒட்டியே இருந்தாலன்றி அது அடங்காது.

சரி, நம் நாட்டுக் கடைகளில் வாங்கி யாரேனும் ஒப்பிட்டுப் பார்த்ததுண்டா? உண்டு. அரியானா மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலராயிருந்த சிங்கல், தில்லியின் வல்லபாய் பட்டேல் மார்பு நோய் நிறுவனத்தைச் சேர்ந்த அனிதா கோட்வானி ஆகியோர் மற்றொருவருடன் இணைந்து 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. அவர்கள் எடுத்துக்கொண்டவை ஐந்து மருந்துகள். அவற்றுள் ஒன்று நாம் மேலே சொன்ன சிப்ரோஃப்ளாக்சசின். அவர்கள் இரு வேறு நிறுவனங்களை ஒப்பிடவில்லை. ஒரே நிறுவனம் செய்யும் இரண்டு சரக்குகளை ஒப்பிட்டனர். மருத்துவர்களிடம் ஆள் அனுப்பி விளம்பரம் செய்து விற்கும் புகழ்பெற்ற பெயர் ஒன்று. விளம்பரமின்றி நேரே கடைக்காரருக்குத் தள்ளிவிடும் பெயர் மற்றொன்று. இந்திய மருந்து நூலின்படி சோதித்ததில் ஐந்திலும் இருவகையும் தரத்தில் தேறின. புகழ் பெற்றதும் பெறாததும் மருந்தளவில் ஒன்றே எனத் தெரிந்தது.

ஆனால் அவ்வாய்வின் மற்றொரு பாதியைத்தான் குடும்பத் தலைவர்கள் கருத்தூன்றிப் படிக்க வேண்டும். புகழ்பெற்ற பெயரில் சில்லறைக் கடைக்காரருக்குக் கிடைத்த இலாபம் 25 முதல் 30 விழுக்காடு. விளம்பரமில்லாத பெயரிலோ 201 முதல் 1016 விழுக்காடு! மருந்து மலிவாகச் செய்யப்பட்டது உண்மை. அந்த மலிவு நோயாளியை வந்தடையவில்லை என்பதும் உண்மை. உறையில் அச்சிட்ட உச்சவிலைக்கும் கடைக்காரர் கொடுத்து வாங்கிய விலைக்கும் இடையே அகன்ற பள்ளம் கிடக்க, வாங்குகிறவர் அறியாமல் உச்சவிலையையே கொடுத்துச் செல்கிறார். ஊத்தங்கரைக் கடைக்காரர் "பாதி விலைதான்" என்று கூறுவாராயின், அவர் தம் இலாபத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்கும் நல்லவர் என்றே கொள்ளலாம்.

இங்கே சட்டம் கூறுவதையும் சொல்லிவிட வேண்டும். மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத மருந்துகளின் பட்டியலில் உள்ள ஒன்றுக்கு மாற்றாக, அதே பொருள் அடங்கியதேயானாலும், வேறு பெயர் மருந்தைக் கடைக்காரர் தாமாகக் கொடுத்தல் ஆகாது என்பது 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் உள்ளது. ஆகவே தயங்கும் தகப்பனார் மருத்துவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு விடுத்துக் கேட்பதே முறை. மருத்துவர்கள் பொருட்பெயரையே எழுதிவிட்டால் இச்சிக்கலே இராது. 1975ஆம் ஆண்டில் ஹாத்தி குழு வணிகப் பெயர்களைப் படிப்படியாக ஒழிக்கப் பரிந்துரைத்தது. ஐந்து மருந்துகளோடு தொடங்கிய முயற்சியும் நீதிமன்ற வழக்குகளில் சிக்கி நின்றது. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் மருத்துவர்கள் பொருட்பெயரையே எழுத வேண்டும் என்று விதி வெளியிட்டு, மருத்துவர் சங்கங்களின் எதிர்ப்புக்குப் பின் அதே மாதத்தில் நிறுத்திவைத்தது. தரத்துக்கு யார் பொறுப்பு என்று மருத்துவர்கள் கேட்டனர். அக்கேள்வியை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது.

ஏனெனில் தரம் எங்கும் சீராக இல்லை. நாடு முழுவதும் 47 ஆயிரத்துக்கு மேற்பட்ட மாதிரிகளை எடுத்து நடுவண் அரசு நடத்திய மருந்துத் தர ஆய்வின் முடிவு 2017ஆம் ஆண்டில் வெளியாயிற்று. சில்லறைக் கடைகளில் எடுத்தவற்றுள் 3.16 விழுக்காடு தரம் குறைந்தவை. அரசுக் கிடங்குகளில் எடுத்தவற்றுள்ளோ 10.02 விழுக்காடு. முற்றிலும் போலியான மருந்து மிக மிகச் சொற்பமே. இந்த எண்ணைக் கண்டு, "கவர்மெண்டு மாத்திரை கேட்காது" என்று நம் ஊர்ப் பெரியம்மாக்கள் சொல்வது சரிதானே என்று முடிவு கட்டிவிடலாகாது. அது அனைத்திந்தியக் கணக்கு.

நம் மாநிலத்தின் கதை வேறு. 1994ஆம் ஆண்டு ஜூலையில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தோற்றுவிக்கப்பட்டது. அதுவரை மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்குவதில் மலிந்திருந்த குழறுபடிகளை நீக்க எண்ணி, மாநிலம் முழுவதற்கும் ஒரே இடத்தில் பொருட்பெயரில் ஒப்பந்தம் கோரி, மாவட்டக் கிடங்குகள் வழியே வழங்கும் முறையை அது ஏற்படுத்தியது. கிடங்கில் வந்திறங்கும் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, செய்தவர் பெயரை மறைத்து, வெறும் குறியெண் இட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவர். யாருடைய மருந்தைச் சோதிக்கிறோம் என்பது சோதிப்பவருக்கே தெரியாது. தேறியது என்ற அறிக்கை வரும்வரை அத்தொகுதி கிடங்கிலேயே தனியே கிடக்கும். ஊத்தங்கரை அரசு மருத்துவமனையின் சன்னலில் காகிதத்தில் மடித்துத் தரப்படும் மாத்திரை இவ்வழியே வந்ததுதான். நூறு ரூபாய் கொடுத்து வெளியில் வாங்கும் மாத்திரையின் ஒவ்வொரு தொகுதியையும் விற்பனைக்கு முன் அரசு இப்படிச் சோதிப்பதில்லை. செய்தவரின் சொந்தச் சோதனையை நம்பியே அது கடைக்கு வருகிறது. இதனை எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. பிற மாநிலங்கள் பலவும் கேரளம் முதற்கொண்டு இம்முறையைப் பின்பற்றின. தமிழக அரசு 2025ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் ஆயிரம் முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது. நடுவண் அரசின் மக்கள் மருந்தகங்கள் 2008ஆம் ஆண்டிலேயே தொடங்கியவை.

பெயருள்ள மருந்து என்றாலே பாதுகாப்பு என்று எண்ணுவோருக்கு அண்மைக்காலத் துயரம் ஒன்றை நினைவூட்ட வேண்டியுள்ளது. 2025ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட பச்சிளங் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து மாண்டனர். அவர்கள் அருந்திய கோல்ட்ரிஃப் என்னும் இருமல் மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் செய்யப்பட்டது. தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்ததில், டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு அதில் 48.6 விழுக்காடு இருந்தது. அதுவும் வணிகப் பெயர் தாங்கிய மருந்துதான். மருத்துவர் எழுதிக் கொடுத்ததுதான். காத்திருக்க வேண்டியது பெயரன்று, சோதனை.

இனி, வேறொரு கோணம். "முதலில் கொடுத்த மாத்திரையில் குணமாகவில்லை, கம்பெனியை மாற்றியதும் குணமாயிற்று" என்று பலர் சத்தியம் செய்வர். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் சளிக்காய்ச்சல்களில் பெரும்பாலானவை வைரசால் வருபவை. அவற்றின்மேல் எந்தக் கிருமிக்கொல்லிக்கும் அதிகாரம் இல்லை. நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ தாமே தணிந்துவிடும். அந்நேரத்தில் கையிலிருந்த மாத்திரைக்குப் புகழ் போய்ச் சேர்கிறது.

உண்மையிலேயே பாக்டீரியாவால் வந்த நோயில் மருந்து தோற்றால், பழி பெரும்பாலும் கிருமியின் மேலது. மருந்தை எதிர்த்து வாழக் கிருமி கற்றுக்கொண்டுவிட்டது. தொலைவில் தேட வேண்டாம். 1972ஆம் ஆண்டில் கோழிக்கோட்டில் பரவிய குடற்காய்ச்சல், அதுவரை கைகண்ட மருந்தாயிருந்த குளோராம்ஃபெனிக்காலுக்கு மசியவில்லை. 2010ஆம் ஆண்டில் என்.டி.எம்.-1 என்னும் எதிர்ப்புத் திறன் கொண்ட கிருமிகளைப் பற்றிய ஆய்வு வெளியானபொழுது, அதில் சென்னை நோயாளிகளின் மாதிரிகளும் இருந்தன. 2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு மசியாத கிருமிகளால் உலகில் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டனர் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. இத்தகைய கிருமிக்கு முன்னால் விலையுயர்ந்த பெயரும் மலிவான பெயரும் ஒருசேரத் தோற்கும். வலுக்குறைந்த போலி மருந்தோ இத்தீமையை வளர்க்கவே செய்யும். கிருமியைக் கொல்லாமல், அதற்குப் பயிற்சி அளித்து அனுப்பிவிடும். மீந்த மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பதும், சீட்டின்றி "ரெண்டு மாத்திரை மட்டும் குடுங்க" என்று கேட்பதும் அதே பயிற்சிக்கூடத்தைச் சேர்ந்தவையே.

நல்ல மருந்தும் வீட்டுக்கு வந்தபின் கெடுவதுண்டு. அமாக்சிசிலினோடு கிளாவுலானிக் அமிலம் சேர்ந்த மாத்திரை ஈரத்தைத் தாங்காது; அலுமினிய உறையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டி வைத்தால் சில நாட்களில் வலுவிழக்கும். 2024ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாட்களில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டி வெள்ளம் வீடுகளுள் புகுந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அவ்வாறு நனைந்த மருந்துகளை உலர்த்தி எடுத்து வைத்தல் அறவே கூடாது. குழந்தைகளுக்கான தூள் மருந்தில், கொதித்து ஆறிய நீரைப் புட்டியின் குறிவரை மட்டும் ஊற்ற வேண்டும். கூடுதல் ஊற்றினால் ஒவ்வொரு கரண்டியிலும் மருந்து குறையும்; எந்தக் கம்பெனியையும் அதற்குக் குறை சொல்ல இயலாது. கலந்த மருந்துக்குப் பெரும்பாலும் ஏழு நாளே ஆயுள். மாங்காய்ப் பருவத்து வெயிலில் ஓட்டு வீட்டின் அலமாரியில் வைத்தால் அதுவும் நிச்சயமில்லை.

வாங்கும்பொழுது உறையின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். பெரிய எழுத்தில் உள்ளது விற்பவர் பெயராக இருக்கலாம். செய்தவர் பெயர் சிறிய எழுத்தில் வேறாக இருக்கும். வெவ்வேறு பெயருடைய இரு மருந்துகள் ஒரே தொழிற்சாலையில் செய்யப்பட்டிருப்பதை அங்கே கண்டு வியக்கலாம். தொகுதி எண்ணும் முடிவு நாளும் குறித்த இரசீதைக் கேட்டு வாங்குங்கள். தரத்தில் உண்மையான ஐயம் எழுந்தால், மாவட்டத்து மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் முறையிட அந்த எண்ணே ஆதாரம். பலர் அறியாத ஒன்று: 1940ஆம் ஆண்டின் மருந்துச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, மருந்தை விலைக்கு வாங்கிய எவரும் உரிய கட்டணம் செலுத்தி அதனை அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்கு அளித்து, அவருடைய கையொப்பமிட்ட அறிக்கையைப் பெறலாம் என்கிறது. மீதமுள்ள மாத்திரைகளை உறையிலிருந்து பிரிக்காமல், இரசீதோடு சேர்த்து வைத்திருக்க வேண்டும்.